மேட்டூர் கரண்டும் இரும்புக்கை மாயாவியும்

சேலம், நாமக்கல் பக்கம் 1970களிலோ 80களிலோ பள்ளிக்கூடம் போன யாரையாவது பிடித்து, "உங்க காலத்து சூப்பர் ஹீரோ யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சூப்பர்மேன் என்று சொல்கிறவர் அபூர்வம். முதலில் வாயில் வருவது இரும்புக்கை மாயாவி. அடுத்தது ஸ்பைடர். அவசரப்பட்டு, நூல் விட்டுக் கட்டடம் தாவும் ஸ்பைடர்மேன் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் வேறு. கூரான காது, கறுப்பு உடுப்பு, தலைக்குள் ஏகப்பட்ட கர்வம். நியூயார்க்கையே கொள்ளையடித்துத் தன் காலடியில் போட வேண்டும் என்று புறப்பட்ட குற்றச் சக்கரவர்த்தி. நம்மாட்கள் செல்லமாகக் கூர்மண்டையன் என்பார்கள். மூன்றாவதாக ஆர்ச்சி என்ற ரோபோ. அவருக்கும் பட்டப்பெயர் உண்டு: சட்டித்தலையன்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. ராணி காமிக்ஸில் முகமூடி போட்டுக் குதிரையில் வருபவர் பெயரும் மாயாவிதான். அமெரிக்காவில் லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேண்டம் அவர். முத்து, லயன் காமிக்ஸ்களில் அவரே வேதாளர். அதனால் எங்கள் வகுப்பில் யாராவது "மாயாவி புக் இருக்குடா" என்றால் உடனே எதிர்க்கேள்வி வரும்: "எந்த மாயாவி? கை மாயாவியா, குதிரை மாயாவியா?" கை மாயாவி என்றால் வரிசை நீளம். குதிரை மாயாவி என்றால் கொஞ்சம் குறைவு.

இப்போது மார்வெல் படம் வந்தால் சேலத்துத் தியேட்டரிலும் முதல் நாளே கூட்டம். என் அக்கா மகனுக்கு அயர்ன்மேன் கவசத்தின் எந்த மாடல் எந்தப் படத்தில் வந்தது என்பதெல்லாம் மனப்பாடம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சூப்பர் ஹீரோ என்ற சங்கதியே நம்மூருக்கு 2008-க்குப் பிறகுதான் வந்தது என்பதுபோல அவன் பேசும்போது மட்டும் சுருக்கென்று இருக்கிறது. அந்தச் சுருக்குதான் இந்தப் பதிவு.

மாயாவியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1962 அக்டோபரில் அங்கே தொடங்கிய வேலியன்ட் என்ற வார இதழில், 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்த தொடர் அது. கென் புல்மர் எழுதினார், பிறகு டாம் டுல்லி தொடர்ந்தார். வரைந்தவர் ஸ்பெயின்காரர், பார்சிலோனாவின் ஹேசுஸ் பிளாஸ்கோ. நிழலும் மழையும் இருட்டுச் சந்தும் அவர் பேனாவில் இருந்து வந்தால் பக்கத்தைத் திருப்பவே கொஞ்சம் பயமாக இருக்கும். கதை எளிது. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்தவர், இரும்புக்கை பொருத்தப்பட்டவர். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய, ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். கை மட்டும் தெரியும். முதலில் திருடராகத்தான் கிளம்புகிறார். பிறகு மனம் மாறி நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்கிறார்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே இந்த ஆள்தான். தலைப்பும் 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் ஆரம்ப கால ஆசிரியர். பாம்புத் தீவு, உறைபனி மர்மம், நாச அலைகள், யார் அந்த மாயாவி என்று அடுத்தடுத்து வந்தன. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் லேபிள் அடித்துக் கைதேர்ந்த ஊர் அது. பளீரென்ற அட்டை போடுவதற்குச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே கறுப்பு வெள்ளை. அட்டையில் மட்டும் அத்தனை வண்ணமும். பொட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும்போது கண் அங்கேதான் போகும்.

1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசி கதை, 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஆனால் லயனுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பையன்களைச் சேர்த்துக் கொடுத்தது கூர்மண்டையன்தான். இந்த ஸ்பைடர் பற்றி எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. 1965-இல் டெட் கோவன் உருவாக்கி, ரெஜ் பன் வரைந்த தொடர் இது. விரைவிலேயே கதை எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகல் கைக்குப் போனது. யார் இந்த சீகல்? ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். 130 டாலருக்கு அந்த உரிமையை விற்றுவிட்டு, பிறகு பல ஆண்டுகள் பதிப்பகத்தோடு வழக்காடியவர். அமெரிக்காவில் வேலை இல்லாமல் போன காலத்தில் லண்டன் பத்திரிகைக்குக் கதை எழுதிப் பிழைத்தார். சூப்பர்மேனை எழுதிய கை, தன் சொந்த நாயகனை இழந்த கோபத்தில், திமிர் பிடித்த ஒரு வில்லனை நாயகனாக எழுதியது. அதைச் சிவகாசி வழியாக வாங்கி, திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் உட்கார்ந்து நாங்கள் படித்தோம். சூப்பர்மேன் எங்களுக்கு வரவில்லை. சூப்பர்மேனைப் பறிகொடுத்தவரின் ஆத்திரம் வந்தது. எனக்கென்னவோ நாங்கள்தான் லாபம் அடைந்தோம் என்று தோன்றுகிறது.

இங்கிலாந்திலோ 1970களின் நடுவிலேயே இவர்களின் கதை முடிந்துவிட்டது. இதழ்கள் ஒன்றோடொன்று இணைந்தன, பிறகு நின்றன. பழைய பக்கங்கள் கிடங்கில் தூங்கின. அதே காலத்தில் இங்கே மாயாவிக்கு மறுபதிப்பு மேல் மறுபதிப்பு. பிறந்த வீட்டில் மறந்துபோன ஆட்களுக்குப் புகுந்த வீட்டில் மூன்று தலைமுறை மரியாதை கிடைத்தது.

ஏன் இவர்கள்? ஏன் இங்கே?

மலிவாக உரிமை கிடைத்தது என்பது ஒரு காரணம். அது பதிப்பாளருக்கான காரணம். வாசித்தவனுக்கு வேறு காரணம் இருந்தது. எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். நான் வளர்ந்தது பள்ளிபாளையம் பக்கம். காவிரிக்கு அந்தக் கரை ஈரோடு, இந்தக் கரை நாங்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில் கண் விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். அந்தச் சத்தம் ஓடினால் கூலி, நின்றால் பட்டினி. சத்தம் ஓடுவதும் நிற்பதும் கரண்டைப் பொறுத்தது. எங்களுக்குக் கரண்ட் என்பது சுவிட்சைத் தட்டினால் வரும் வெளிச்சம் இல்லை. அது வீட்டுக்கு வரும் வருமானம். மேட்டூர் அணையில் தண்ணி குறைஞ்சிருச்சாம் என்று யாராவது சொன்னால், கரண்டும் குறையுமே என்று வயலே இல்லாத தறிக்காரர் முகமும் வாடும்.

அப்படிப்பட்ட ஊருக்கு, கரண்ட் இருந்தால்தான் வித்தை காட்ட முடியும் என்ற ஒரு நாயகன் வந்தால் எப்படி இருக்கும்? சூப்பர்மேனுக்கு வேற்றுக் கிரகம், பேட்மேனுக்குக் கோடிக்கணக்கில் அப்பன் சொத்து. மாயாவிக்கு ஒரு ப்ளக் பாயின்ட் போதும். விரலை உள்ளே விடுவார், சுர்ரென்று பொறி பறக்கும், ஆள் மாயம். கொஞ்ச நேரத்தில் வேகம் தீர்ந்தால் உருவம் திரும்ப வந்துவிடும். வில்லன் கோட்டைக்குள் நட்ட நடுவில் அகப்பட்டுக்கொண்டு அடுத்த ப்ளக்கைத் தேடி ஓடுவார். அந்தப் பதற்றம் எங்களுக்குப் புரிந்த பதற்றம்.

இன்னொரு வேடிக்கை. தறிக்குடோனில் படிக்க நேரம் கிடைப்பதே கரண்ட் போனால்தான். தறி நின்றதும் ஊரே காது அடைத்ததுபோல அமைதியாகும். தார் சுற்றிக்கொண்டிருந்த பையன்களும், தறி ஓட்டும் அண்ணன்களும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பாவு நூலுக்குக் கீழே செருகி வைத்திருந்த புத்தகம் வெளியே வரும். ஒருவர் படிக்க நான்கு தலைகள் எட்டிப் பார்க்கும். படம் பார்க்கத் தெரிந்தால் போதும், எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் கதைக்குள் இருப்பார். ஒருநாள் எங்கள் தறியில் வேலை செய்த அண்ணன் ஒருவர் பாதிக் கதையில் நிறுத்திக் கேட்டார்:

"டேய் கண்ணு, இந்த மாயாவி இப்ப நம்மூருக்கு வந்தான்னா என்னடா பண்ணுவான்?"

"மறைஞ்சுருவாருங்ணா."

"எங்க மறையறது? கரண்டே இல்லையேடா. நம்மளாட்டமே திண்ணையில உக்காந்துக்க வேண்டியதுதான்."

திண்ணை முழுக்கச் சிரிப்பு. காமிக்ஸ் விமர்சனம் என்று பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். இந்த ஒரு வரியை மிஞ்சிய விமர்சனம் இன்னும் கிடைக்கவில்லை.

சேலத்துப் பையன்களுக்குத் தனிப் பெருமை வேறு. சேலம் உருக்காலைக்கு 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-இல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே மாயாவியின் கை சேலத்து இரும்பில் செய்தது என்று சத்தியம் செய்கிற ஒருவன் எல்லா வகுப்பிலும் இருந்தான். லண்டனில் 1962-லேயே கை வந்துவிட்டதே என்று கேட்டால், "அது பழைய கை, இது புதுக் கை" என்பான்.

ராணி காமிக்ஸையும் சொல்லாமல் விட்டால் குற்றம். அதுவும் 1984-இல் தொடங்கியதுதான். தினத்தந்தி குடும்பத்துப் பத்திரிகை. தந்தி போகும் டீக்கடை எல்லாம் ராணி காமிக்ஸும் போனது. முத்துவும் லயனும் வாங்கப் பேருந்து நிலையப் புத்தகக் கடைக்குப் போக வேண்டும். ராணி எருமப்பட்டிக்கும் சேந்தமங்கலத்துக்கும் தானே வந்துவிடும். மாதம் இருமுறை, ஜேம்ஸ் பாண்ட், குதிரை மாயாவி, கௌபாய்கள். அச்சு சுமார், தாள் அதைவிடச் சுமார். ஆனாலும் எங்கள் பக்கம் காமிக்ஸ் என்ற பழக்கத்தைக் கிராமம் வரைக்கும் கொண்டுபோனதில் ராணிக்குத்தான் பெரிய பங்கு. 2005 வரை, 500 இதழ்கள் வந்தன.

லாரிக்காரர்களையும் சேர்க்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரிகள் போகாத மாநிலம் இல்லை. லோடுக்குக் காத்திருக்கும் நேரம்தான் கிளீனர் பையன்களின் வாசிப்பு நேரம். எங்கள் தெரு லாரி டிரைவர் மாமா ஒருவர் வீடு திரும்பும்போது, சீட்டுக்கடியில் பழைய காமிக்ஸ் கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

சரி, வீரம் என்ற சரக்குக்கு இந்த மண்ணில் பஞ்சமா என்ன? நாமக்கல்லில் கூரையில்லாமல் வெட்டவெளியில் பதினெட்டு அடிக்கு நிற்கிறார் ஆஞ்சநேயர். சேலத்தைச் சுற்றி அரிவாளும் மீசையுமாக எத்தனை முனியப்பன்! கொங்கு நாட்டு அண்ணமார் கதையைக் கேட்டால் அதன் நாயகர்கள் பொன்னரும் சங்கரும் உயிரோடு எழுந்து வருவார்கள். இவ்வளவும் இருக்கும்போது லண்டனில் இருந்து ஒரு கையை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

நான் யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. நம் வீரர்கள் எல்லாருக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. குலதெய்வம் என்றால் எந்தக் கூட்டத்துக்கு என்ற கேள்வி கூடவே வரும். முதல் மரியாதை யாருக்கு, கோயிலுக்குள் எதுவரைக்கும் யார் வரலாம் என்ற கணக்கும் வரும். மாயாவிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமில்லை. தறி முதலாளி மகனும், தார் சுற்றும் பையனும், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் இருந்து பள்ளிக்கு வந்தவனும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு நான்தான் மாயாவி" என்று சண்டை போட முடிந்தது. அந்தச் சண்டையில் ஜாதி செல்லாது. கையில் சுற்றிக்கொள்ள யாரிடம் அலுமினியத் தாள் இருக்கிறதோ அவன்தான் மாயாவி. காமிக்ஸின் பண்பாட்டு முக்கியத்துவம் என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஜாதியை அது ஒழித்துவிடவில்லை. பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் அவனவன் தெரு அவனவனுக்கு. ஆனாலும் மதிய இடைவேளைக்கு அது பெரிய விஷயம்.

புகழ்ந்துகொண்டே போனால் நியாயமாகாது. குதிரை மாயாவி கதையை இன்று படித்தால் நெளிய வைக்கிறது: கறுப்பின மக்கள் வாழும் காட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர் சிம்மாசனம் போட்டு நீதி சொல்கிறார். நாங்கள் அதை ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கினோம். பெண்கள் பெரும்பாலும் கட்டிப்போடப்படுவதற்கும் காப்பாற்றப்படுவதற்கும்தான். மாடஸ்டி ஒருத்தி விதிவிலக்கு; அவளையும் அட்டைப்படத்துக்காக வீட்டில் ஒளித்து வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

நம் மண்ணின் வீரர்களைப் படக்கதையாக்க யாரும் முன்வரவில்லையா என்றால், வந்தார்கள். வந்தவர் கனடாக்காரர். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களின் நடுவில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். உடுக்கடிப் பாட்டாகப் பாடப்பட்ட அண்ணமார் கதையை முழுவதும் ஒலிப்பதிவு செய்தார். பல ஆண்டு கழித்து அதையே 26 பகுதி அனிமேஷன் தொடராகவும், படக்கதைப் புத்தகங்களாகவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். படங்களில் தோல்பாவைக் கூத்தின் சாயல் இருக்கும். எனக்கு அவர்மேல் நன்றியும் உண்டு, நம்மேல் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். சங்க காலத்தில் அதை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியின் வாய்க்குள் புகுந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூறு 152-ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். ஐந்து விலங்கு, ஐந்து கட்டம். பக்கம் பிரிப்பதற்குக்கூட ஓவியர் மெனக்கெட வேண்டாம். புலவரே பிரித்துக் கொடுத்துவிட்டார். அதே மலையில் சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை வேறு. வில்லிக்கு வேறெங்கே போக வேண்டும்? செம்மேட்டில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறோம், ஆடியில் அரசு விழா எடுக்கிறோம். விழாவுக்கு வரும் குழந்தை கையில் ஓரி கதையைப் படமாக ஒரு முப்பத்திரண்டு பக்கம் கொடுக்கலாமே. நாமக்கல் மாவட்ட ஓவியர்கள், லாரி பாடியில் சிங்கமும் மயிலும் வரைகிற கைகள் உட்பட, யாராவது இதைச் செய்தால் முதல் பிரதி எனக்கு.

ராணி நின்ற பிறகு கொஞ்ச காலம் எல்லாம் முடிந்துவிட்டது என்றே பட்டது. முத்துவும் லயனும் எப்போதாவது வந்தன. கேபிள் டிவி வந்தது, செல்போன் வந்தது, வாடகைப் புத்தகக் கடைகள் ரீசார்ஜ் கடைகளாயின. பிறகு 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. வழவழ தாள், வண்ணப் பக்கங்கள், விலை நூறு ரூபாய். பழைய பையன்கள், இப்போது தலை நரைத்தவர்கள், திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் கொடுமையான மின்வெட்டும் இருந்தது. கொங்குப் பக்கம் தறிகள் பாதி நாள் நின்றன. கரண்ட் இல்லாத ஊரில் மறுபடியும் காமிக்ஸ். திண்ணையில் சிரித்த அண்ணன் அப்போது உயிரோடு இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

இப்போது லயன் முத்துவின் ராஜா மாயாவி இல்லை. இத்தாலிய கௌபாய் டெக்ஸ் வில்லர். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் வாசகர் சந்திப்பு நடக்கும். சேலம், கரூர், கோவை, சென்னை என்று ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். வங்கி மேலாளர், ஆசிரியர், ஜவுளிக்காரர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர் என்று யாரும் இருப்பார்கள். அங்கே யாரும் யாருடைய வேலையையும் கேட்பதில்லை. "உங்ககிட்ட பாம்புத் தீவு முதல் பதிப்பு இருக்குதுங்களா?" என்பதுதான் அறிமுகம். இளையவர்கள் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. நூறு, இருநூறு கொடுத்துப் படக்கதை வாங்கித்தரும் பெற்றோர் எத்தனை பேர்?

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. மிஷ்கினின் 'முகமூடி' 2012-இல் வந்தது. 2023-இல் வந்த 'மாவீரன்' படத்தில் நாயகனே பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். அவன் வரைந்த வீரனின் குரல் அவன் தலைக்குள் கேட்கும். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் தன் கனவுப் படத்துக்கு வைத்திருக்கும் பெயர் இரும்புக்கை மாயாவி. எடுக்கட்டும், பார்ப்போம்.

இங்கிலாந்தும் விழித்துக்கொண்டது. ரெபெல்லியன் என்ற நிறுவனம் அந்தப் பழைய இதழ்களின் உரிமைகளை வாங்கி, ஸ்டீல் க்ளாவையும் ஸ்பைடரையும் புத்தகங்களாக மறுபடி வெளியிட்டது. அங்கே அதை மீட்பு என்று கொண்டாடினார்கள். நாம் இங்கே இழக்கவே இல்லை.

ஆனால் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் உண்மை நிலவரம். பழைய தமிழ் காமிக்ஸை நம் நூலகங்கள் பெரும்பாலும் சேர்த்து வைக்கவில்லை. அது புத்தகம் என்றே கணக்கில் வரவில்லை. இருப்பதில் பெரும்பகுதி தனி ஆட்களின் பரணில்தான். ஒரு பக்கம் சேகரிப்பவர்கள் பழைய முத்து இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் வீடு இடிக்கும்போது மூட்டை மூட்டையாகக் கிலோ கணக்கில் போகிறது. சேஷசாயி பேப்பர் மில் இருக்கும் ஊர்க்காரன் சொல்கிறேன்: கூழான பிறகு எந்த மாயாவியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது ராணி, முத்து, லயன், மாலைமதி என்று எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள். நீங்கள் படிக்காவிட்டால் ஈரோட்டுச் சந்திப்புக்கு எடுத்து வாருங்கள், அல்லது சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடத்தில் கேட்டுப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை; கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.